வெயில் ஊருக்கு விளக்கெதற்கு என்பவர்களுக்கு

பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய ஒரு பைக் வந்தால் நம் ஊரில் யாரும் சும்மா போகவிடுவதில்லை. எதிரே வருகிறவர் ஐந்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடி, லைட் எரிகிறது என்று சைகை காட்டுவார். 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இரு சக்கர வண்டிகளில் இஞ்சின் ஓடினால் முன்விளக்கு தானாக எரிய வேண்டும் என்று விதி வந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சைகை ஓயவில்லை. பாவம், பேட்டரி வீணாகிறதே என்கிற பரிவுதான். ஆனால் அந்தப் பரிவுக்குள்ளேயே அதற்கு எதிரான சாட்சியமும் இருக்கிறது. நல்ல வெயிலில், கடைத்தெரு நெரிசலில், முன்பின் தெரியாத ஒருவரின் வண்டி அவ்வளவு தூரத்திலேயே உங்கள் கண்ணில் பட்டது எதனால்? வரிசையாகப் பல பைக்குகள் வந்திருக்கும். விளக்கெரிந்த பைக்குக்குத்தான் கை தூக்கினீர்கள்.

இதே பரிவு, கொஞ்சம் கிண்டலோடு, இப்போது பிக்கப் வண்டிக்காரர்களிடம் காட்டப்படுகிறது. குட்டி யானையோ, பொலேரோ பிக்கப்போ, தோஸ்த்தோ வைத்திருக்கும் ஒருவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் போய், முன்னால் பகல் விளக்கு ஒரு ஜோடி போட வேண்டும் என்று சொல்லிப் பார்க்கட்டும். டிஆர்எல் என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அதுதான். ‘அது காருக்குண்ணே, லோடு வண்டிக்கு எதுக்கு ஃபேன்சி’ என்பார் ஒருவர். ‘பேட்டரி இறங்கிரும்’ என்பார் இன்னொருவர். ‘எஃப்.சி.யில நிக்காது’ என்று பயம் காட்டுவார் மூன்றாமவர். எல்லோரும் சேர்ந்து தலையாட்டும் கருத்து ஒன்று உண்டு: ‘பனி பெய்யற ஊர்ல வேணும்னா சரி. இங்க அடிக்கிற வெயிலுக்கு விளக்கு வேறயா?’

படித்தவர்கள், வண்டி விமர்சனம் எழுதுகிறவர்கள்கூட இதையே கொஞ்சம் நயமாகச் சொல்கிறார்கள். பரவலாக நம்பப்படுவதும் அடியோடு தப்பானதும் இதுவே என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

பனி நாட்டுக் கதை எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. பகலிலும் விளக்கெரிய ஓட்ட வேண்டும் என்று ஸ்வீடன் 1977இல் கட்டாயமாக்கியது. பின்லாந்து அதற்கு முன்பே குளிர்காலக் கிராமச் சாலைகளில் தொடங்கியிருந்தது. கனடாவில் 1989 டிசம்பர் முதல் தயாரான புது வண்டிகளுக்கு அது விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரியிலிருந்து புது மாடல் கார்களுக்கும் சிறு வேன்களுக்கும், 2012 ஆகஸ்டிலிருந்து லாரி, பஸ் மாடல்களுக்கும் வந்தது. பட்டியலைப் பார்த்தால் எல்லாம் குளிர் பிரதேசம். எனவே இது இருட்டுக்கு மருந்து, நமக்கு நோயே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கண் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு பொருள் தெரிவது வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதால் மட்டும் அல்ல. பின்னணியிலிருந்து அது எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்பதால். மேகம் மூடிய வானத்தின் கீழே வெளிச்சம் எங்கும் சீராக விழும், ஆழமான நிழல் இருக்காது. நம் வெயில் நிழலையும் சேர்த்தே கொண்டு வருகிறது. இருபுறமும் புளிய மரம் நிற்கும் பழைய சாலையில் போய்ப் பாருங்கள். தார் கண்ணைக் கூசவைக்கும். பாவை சுருங்கிப்போய் இருக்கும். அந்தக் கண்ணுக்கு நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருக்கும் மரநிழல் வெறும் கறுப்புப் பொந்து. அந்தப் பொந்துக்குள் புழுதி படிந்த பழுப்பு நிறப் பிக்கப் ஒன்று எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். அது நிழலைவிட்டு வெளியே வந்த பிறகுதான் இருப்பதே தெரியும். அதற்குள் முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்கு நீங்கள் வலப்பக்கம் ஏறியிருப்பீர்கள்.

காலை வெயில் இன்னும் மோசம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் பக்கம் மீன் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் கிளம்பும் பிக்கப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் எழும்புகிறது. அந்த ஓட்டுநருக்குச் சாலை பளிச்சென்று தெரியும். இதைவிட நல்ல வெளிச்சம் வேண்டாம் என்பார். தஞ்சாவூரிலிருந்து எதிரே போகிறவருக்கோ சூரியன் நேராக முகத்தில். அவர் பார்ப்பது வண்டியின் முகத்தை அல்ல, வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு நிழலுருவை. அதன் பானெட், கிரில், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி எரிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் இதே கதை திசை மாறி நடக்கிறது. காய்கறி, பால், மீன், பூ என்று பிக்கப் வண்டி அதிகம் ஓடுவதும் இந்த இரண்டு வேளையில்தான்.

எல்லாத் தப்பெண்ணத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. ‘எனக்கு ரோடு நல்லாத் தெரியுதே’ என்கிறார் ஓட்டுநர். தெரியட்டும். இந்த விளக்கு அவருக்குச் சாலையைக் காட்டுவதற்காக ஏற்பட்டதே இல்லை. காசு போடுகிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் எதிரே வரும் முகம் தெரியாதவர் என்று அமைந்த பொருளை விற்பது கடினம். மோதினால் இரண்டு பேருக்கும்தான் கை கால் போகிறது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

உச்சி வெயிலில், மரமில்லாத திறந்த சாலையில் இந்த விளக்கு பெரிதாக எதையும் சேர்த்துவிடாது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிரமமில்லை. ஆனால் நம் பகல் முழுக்க உச்சி வெயில் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் மதியம் இரண்டு மணிக்கே வானம் இருண்டு ஊற்றுகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும் கொல்லிமலையிலும், நாற்பது வளைவு ஏறும் வால்பாறைச் சாலையிலும் மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி என்ன வருகிறதென்று தெரியாது. ‘வெயில் ஊர்’ என்று பேசுகிறவர்கள் எந்த ஊரை, எந்த மாதத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவர்கள் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் உண்டு. டீக்கடையில் யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் வெளியிட்ட ஆய்வு, பகல் விளக்கின் பலன் பூமத்திய ரேகையைவிட்டு விலகி வடக்கே போகப் போகக் கூடுகிறது என்று காட்டியது. அப்படியானால் தெற்கே வர வரக் குறையத்தானே வேண்டும்? குறையலாம். குறைவதும் இல்லாமலே போவதும் ஒன்றல்ல. அந்த ஆய்வின் ஆதாரம் பெரும்பாலும் வடக்கு நாடுகளிலிருந்து வந்தது; அதில் வரைந்த கோட்டை நம் ஊர்வரை நீட்டி, இங்கே பூஜ்யம் என்று படிப்பது வாசிக்கிறவரின் அவசரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே பரிசோதித்தவர்கள் இருக்கிறார்கள். மலேசியா 1992 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. செரம்பானிலும் ஷா ஆலமிலும் எடுத்த கணக்கில், கண்ணில் படாததால் நடக்கும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தன. செரம்பான் பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரிகூட வடக்கே இல்லை. அங்கே அடிக்கும் வெயில் நம் வெயிலுக்கு அண்ணன். சிங்கப்பூரும் 1995 நவம்பரில் அதே வழிக்கு வந்தது.

பைக் ஒல்லி, பிக்கப் பருமன், பைக் கணக்கை இதற்கு எப்படிப் பொருத்துவது என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. பொருத்த வேண்டாம். பிக்கப்புக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது, வேடிக்கை என்னவென்றால் பகல் விளக்கு வீண் என்று வாதிடுகிறவர்கள் ஆதாரமாக நீட்டுவதும் அந்த அறிக்கையையே. அமெரிக்காவில் பகல் விளக்கு இன்றுவரை கட்டாயமில்லை. 1995 மாடல்களிலிருந்து தானாகவே பொருத்தத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள் என்று 2001இல் மனுப்போட்டது. அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டது: மொத்த வண்டிகளையும் சேர்த்துப் பார்த்தால், உறுதியாகச் சொல்லும்படியான பலன் எதுவும் இல்லை. மறு ஆண்டு மனு தள்ளுபடி. ‘பார்த்தீர்களா, அமெரிக்காக்காரனே வேண்டாம் என்றுவிட்டான்’ என்பதோடு நம்மவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே அறிக்கை கார்களையும் இலகு ரக டிரக், வேன்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. பிக்கப் அடங்கிய அந்த இரண்டாம் வகையில், ஆய்வு எடுத்துக்கொண்ட இரு வண்டி மோதல்களில் அவை சிக்குவது 5.7 சதவீதம் குறைந்திருந்தது. அது புள்ளியியல் ரீதியாகவும் நிற்கும் எண். முழு வண்டிக்கூட்டத்தில் கரைந்துபோன பலன் பிக்கப் பக்கம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காருக்கு அலங்காரம், லோடு வண்டிக்குத் தேவையில்லை என்று இங்கே பேசுவதற்கு நேர் தலைகீழ் இது.

5.7 என்பது பிரமாதமான எண் இல்லைதான். விளக்குப் போட்டால் விபத்தே நடக்காது என்று விற்கிறவன் பொய் சொல்கிறான். ஆனால் 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்கு. இந்த அளவு மரணம் நடக்கும் இடத்தில், ஒரு நல்ல டயரைவிட மலிவாக முடியும் ஒரு பொருளின் சின்னப் பலனைச் சின்னது என்று ஒதுக்குவதற்கு நாம் ஒன்றும் ஸ்வீடன் இல்லை.

அந்த அமெரிக்க ஆய்வு, மலேசிய ஆய்வு எதிலும் வராத ஒரு பலன் நம் சாலையில் கூடுதலாக உண்டு. நம் ஊரில் லோடு வண்டி எங்கே நிற்கும்? எங்கும் நிற்கும். டீக்கடை முன்னால், பஞ்சர் கடை முன்னால், வளைவில், பாலத்து ஏற்றத்தில், பாதி தாரிலும் பாதி மண்ணிலும், சில சமயம் தப்பான திசையில் உங்களை முறைத்துப் பார்த்தபடி நிற்கும். தூரத்தில் ஒரு பிக்கப்பின் முகம் தெரிகிறது. நிற்கிறதா, வருகிறதா? நேர் எதிரே இருக்கும் வண்டியின் அசைவைக் கண் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. பக்கவாட்டில் நகர்வதில்லையே, உருவம் மெல்லப் பெரிதாவதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தூரத்தில் அந்த வளர்ச்சி தெரியவே தெரியாது. பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு டிராக்டரை முந்தப் பார்க்கும் மொபெட்காரர் அந்த ஊகத்தில்தான் உயிரை வைக்கிறார். சாலை கடக்க நிற்கும் கிழவிக்கும் அதே ஊகம்தான். முறையாக வயரிங் செய்த பகல் விளக்கு இஞ்சின் ஓடினால் எரியும், நின்றால் அணையும். எரிகிற முகம் வரக்கூடிய வண்டி, எரியாத முகம் ஓரம் கட்டிய வண்டி என்று ஒரே பார்வையில் பிரித்துச் சொல்லிவிடும். எல்லா வண்டியிலும் இருந்தால்தான் இது முழுப்பலன் தரும் என்பது உண்மை. அதனால்தான் இதை ஒருவர் இருவர் ஆசைக்கு விடாமல் பொது விஷயமாகப் பேச வேண்டியிருக்கிறது.

இங்கே ஆஸ்திரியாவை இழுப்பார்கள். அந்த நாடு 2005 நவம்பரில் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 ஜனவரியில் திரும்பப் பெற்றது. எல்லா வண்டியும் எரிந்தால் பைக்கும் நடப்பவரும் அந்த வெளிச்சத்தில் அமுங்கிப்போவார்கள் என்பது அங்கே எழுந்த முக்கியமான அச்சம். அலட்சியப்படுத்தக் கூடாத அச்சம். நம் சாலை மரணங்களில் கிட்டத்தட்ட பாதி இரு சக்கர வண்டிக்காரர்களுடையது. ஆனால் அங்கே பெரும்பாலும் எரிந்தது ஹெட்லைட். பகலுக்கென்றே செய்த விளக்கின் ஒளிச்செறிவை ஐக்கிய நாடுகளின் 87ஆம் விதி 400 முதல் 1,200 கேண்டலாவுக்குள் கட்டிப்போட்டிருக்கிறது. பார்த்தால் தெரிய வேண்டும், கண்ணைக் குத்தக் கூடாது, பக்கத்திலிருப்பதை விழுங்கக் கூடாது என்பதற்காகவே அந்த உச்சவரம்பு. தவிர, பைக்காரர் சாவது தன்னைப் பிறர் பார்க்காததால் மட்டுமா? எதிரே வந்த வண்டியை அவர் பார்க்காததாலும்தான். அவருக்குப் பிக்கப் தெரிய வேண்டியது பிக்கப்காரருக்கு அவர் தெரிய வேண்டிய அளவுக்கு முக்கியம்.

டீசல், பேட்டரி புலம்பலுக்கு அதிக இடம் தர மாட்டேன். எல்இடி விளக்கு ஜோடிக்கு 15 வாட் என்று வையுங்கள். ஆல்டர்னேட்டரின் நஷ்டம், இஞ்சினின் நஷ்டம் எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் எரிந்தாலும் 100 மில்லி டீசலுக்குள் முடியும். ‘தனி விளக்கு எதற்கு, ஹெட்லைட்டையே போட்டுக்கொண்டு போகிறேன்’ என்பவருக்குத்தான் செலவு: 55 வாட் ஹாலஜன் இரண்டு, கூடவே எரியும் பார்க்கிங் லைட், டெயில் லைட் எல்லாம் சேர்ந்து அதே பத்து மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் கேட்கும். பல்பும் சீக்கிரம் போகும். இஞ்சின் ஓடும்போது மட்டும் எரிகிற விளக்கு பேட்டரியை இறக்குகிறது என்றால், பார்க்க வேண்டியது ஆல்டர்னேட்டரை.

என் கோபம் இதுவரை மறுத்தவர்கள் மேல் இருந்தது. இனி ஆதரிப்பவர்கள் மேல். பகல் விளக்குக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததில் பெரும்பங்கு அவர்களுடையது. பம்பருக்கு மேல் ஒரு முழ நீளத்துக்குப் பார் லைட்டைக் கட்டி, நீலத்தில் ஓடவிட்டு, பிரேக் போட்டால் மினுக்கவிட்டு, இரவிலும் அணைக்காமல் எதிரே வருகிறவர் கண்ணைப் பறித்துக்கொண்டு ‘டிஆர்எல் போட்டாச்சு’ என்கிறார்கள். திருவிழா ரதத்துக்குச் செய்ய வேண்டியதை லோடு வண்டிக்குச் செய்தால் ‘ஃபேன்சி’ என்று சொல்லத்தான் செய்வார்கள். உண்மையான பகல் விளக்கு வெள்ளை மட்டுமே. மினுக்காது, ஓடாது. தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது, ஒன்றரை மீட்டருக்கு மேலே போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 60 சென்டிமீட்டர் இடைவெளி. வண்டியின் அகலத்தைத் தூரத்தில் இருப்பவர் மட்டுக்கட்டுவதற்கு அந்த இடைவெளி உதவும். தரச்சான்று பெற்ற விளக்கின் கண்ணாடியில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும், பக்கத்தில் ‘ஆர்எல்’ என்ற எழுத்துகளும் பொறித்திருக்கும். அது இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வயரிங்கில் சோம்பல் இதைவிடக் கேடு. பேட்டரியிலிருந்து நேரே ஒரு வயர், டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் என்று முடித்துவிடுகிறார்கள். ஓட்டுநர் போட மறந்தால் விளக்கே இல்லை, அணைக்க மறந்தால் மறுநாள் வண்டியைத் தள்ள வேண்டும். சரியான முறையில் ஒரு ஐந்து பின் ரிலேதான் கூடுதல் செலவு. சாவி திருப்பினால் மின்சாரம் வரும் வயரை 30ஆம் பின்னில் ஃபியூஸோடு கொடுத்து, விளக்கை 87ஏ பின்னில் எடுத்து, ரிலேயின் காயிலைப் பார்க்கிங் லைட் வயரோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. வண்டி கிளம்பும்போது தானாக எரியும். இருட்டி லைட் போட்ட நொடியில் தானாக அணையும். எந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனும் டீ ஆறுவதற்குள் புரிந்துகொள்ளும் விஷயம் இது. அவரிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பகல் விளக்குக்கு எதிராக எனக்கே மதிப்பு உள்ள ஒரே குற்றச்சாட்டு அந்திப்பொழுதில் இருக்கிறது. முன்னால் ஏதோ வெளிச்சம் தெரிகிறதே என்று ஓட்டுநர் ஹெட்லைட் போடாமலே போவார். டெயில் லைட் எரியாது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு வண்டியே தெரியாது. கனடாவில் இப்படி நடந்து, 2021 செப்டம்பரிலிருந்து புது வண்டிகளில் ஒன்று பகல் விளக்கோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தானாகப் போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது ஓட்டுநருக்கு உறைக்கும்படி டாஷ்போர்டு இருண்டே கிடக்க வேண்டும் என்று விதி திருத்தினார்கள். நம் பிக்கப் வண்டிகளில் லைட் போடாவிட்டால் மீட்டர் எரியாதவை இன்னும் ஏராளம் ஓடுவதால் மூன்றாவது பாதுகாப்பு இலவசமாகவே இருக்கிறது. மீட்டர் எப்போதும் ஒளிரும் புது மாடல்களுக்கு முதல் வழியைப் பிடிக்கலாம். இது வயரிங்கைத் திருத்தச் சொல்லும் காரணம். விளக்கை வேண்டாம் என்று சொல்லும் காரணம் ஆகாது.

மிச்சம் இருப்பது எஃப்.சி. பயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதைக் கறாராக உறுதி செய்தது. பாடியை நீட்டுவதற்கும் சேஸிஸை வெட்டுவதற்கும் எதிரான அந்தப் பிரிவு, ஆர்.சி. புக்கில் ஒரு வரிகூட மாற்றாத இரண்டு சின்ன வெள்ளை விளக்குகளுக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பது என் வாசிப்பு. ஆனால் எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறவருக்கு என் வாசிப்பால் பயனில்லை. அன்றைக்கு அங்கே இருக்கும் இன்ஸ்பெக்டரின் வாசிப்புதான் சட்டம். கண்ணைப் பறிக்கும் பார் லைட் கட்டியவனையும் விதிப்படி விளக்குப் பொருத்தியவனையும் ஒரே கம்பால் அடித்து, இரண்டையும் கழற்றிவிட்டு வா என்றால், அடுத்த முறை எவன் விதியைத் தேடிப் படிப்பான்? எந்தக் குறியீடு உள்ள விளக்கு, எந்த உயரத்தில், எப்படி இணைத்திருந்தால் ஏற்போம் என்று போக்குவரத்துத் துறை ஒரே பக்கத்தில் எழுதி எல்லா ஆர்.டி.ஓ. அலுவலகச் சுவரிலும் ஒட்டலாம். அதுவரை, உங்கள் வண்டியைச் செய்த கம்பெனியே துணைப் பொருளாக விற்றால் அதை வாங்கி, பில்லைப் பத்திரமாக ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.